வளர்ந்து முடியாத தாய்மார்

நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரம் டெலவேர் ஆற்றின் ஒரு கரையில் இருக்கிறது, மறுகரையில் பிலடெல்பியா. கப்பல் கட்டும் தளமும் ஆலைகளும் மூடப்பட்டபின் அது அமெரிக்காவின் மிக ஏழ்மையான நகரங்களில் ஒன்றாகிப் போனது. அந்த ஊரில் பேறுகாலப் பரிசோதனைக்கு வந்த பதின்வயதுப் பெண்களின் முழங்காலை ஓர் ஆய்வுக் குழு அளந்தது. குதிகாலிலிருந்து முழங்காலின் மேற்பரப்பு வரை உள்ள நீளம், மில்லிமீட்டர் கணக்கில். கர்ப்பத்தின் முற்பகுதியில் ஒரு முறை, பிற்பகுதியில் மறுமுறை.

ஏன் முழங்கால்? கர்ப்பிணியைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். வயிற்றின் சுமையில் முதுகெலும்பு வளைந்து அமுங்கும். அவள் வளர்ந்திருந்தாலும் அளவுகோல் அதைக் காட்டாது. கருவுற்ற சிறுமி அதோடு வளர்வதை நிறுத்திவிடுகிறாள் என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பியதற்கு இந்த மயக்கமும் ஒரு காரணம். காலின் நீளத்தில் அந்த மயக்கம் இல்லை. அந்த ஆய்வுக் குழுவின் தெரசா ஷோலும் அவருடைய சகாக்களும் 1990 முதல் வெளியிட்ட கட்டுரைகள் சொன்னது இதுதான்: இந்தப் பெண்களில் கணிசமானவர்கள் வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டே தாங்களும் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் வலிக்கக்கூடியது. இப்படி வளர்ந்துகொண்டிருந்தவர்கள், வளர்ச்சி முடிந்தவர்களைவிடக் கர்ப்பத்தில் அதிக எடை கூடினார்கள். ஆனாலும் அவர்களுடைய குழந்தைகள் சராசரியாக 155 கிராம் குறைவாகப் பிறந்தன. தாய் உண்டதில் பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டிய பங்கு தாயின் உடம்பிலேயே கொழுப்பாகத் தங்கிவிட்டது. ‘நன்றாகச் சாப்பிடு, இரண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்று வீட்டில் சொல்வோமே, அந்தப் புத்திமதி இங்கே முழுதாகப் பலிக்கவில்லை. ஒரே உடம்பில் இரண்டு பேர் வளர்கிறார்கள், இருவருமே குழந்தைகள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களிடையே ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 10 லட்சம் கர்ப்பங்கள் ஏற்படுகின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி, திட்டமிடாதவை. பதின்வயதுத் தாய்க்குப் பேறுகால வலிப்பும் பிரசவத்துக்குப் பிந்தைய கிருமித்தொற்றும் வர வாய்ப்பு அதிகம். குழந்தை குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறக்கவும் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் இந்த வயதினரின் பிறப்பு விகிதம் பெருமளவு குறைந்துவிட்டது. 1991-இல் ஆயிரம் பெண்களுக்கு 61.8 ஆக இருந்தது, 2023-இல் 13.1. எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள்; கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பெண்கள் விகிதாசாரத்துக்கு மிஞ்சி அவர்களில் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிடவும் முடியாது. பொதுச் சுகாதார ஆய்வாளர் அர்லீன் ஜெரோனிமஸ் 1992-இல் முன்வைத்த கருதுகோள், வயதையே குற்றம் சொல்லும் வழக்கத்தை நன்றாகவே குலைத்துப் போட்டது. வறுமையும் இனப் பாகுபாடும் கறுப்பினப் பெண்களின் உடம்பை இளமையிலேயே தேய்த்துவிடுகின்றன என்றார் அவர். இருபதுகளின் பிற்பகுதியில் பெற்றவர்களின் குழந்தைகளைவிடப் பதின்வயதில் பெற்றவர்களின் குழந்தைகள் அந்தச் சமூகத்தில் கூடுதலாகப் பிழைத்ததை அவர் சுட்டிக்காட்டினார். அப்படியென்றால் சிறுமியைப் பார்த்து ‘இந்த வயதில் உனக்கு எதற்கு’ என்று கேட்கும் மருத்துவமனை, அவளுடைய ஆபத்தில் ஒரு பகுதியைத்தான் பார்க்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்பதாலேயே அவளை அடுத்த முறை வரவிடாமலும் செய்துவிடுகிறது.

இனி அந்த மருத்துவமனை அவளுக்கு என்ன தருகிறது என்று பார்க்கலாம். கர்ப்பிணிகள் எத்தனை வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும் என்னும் அட்டவணை ஏறக்குறைய நூறாண்டுப் பழையது. அமெரிக்காவில் குழந்தைகள் நலத்துறை 1925-இலும், பிரிட்டனில் சுகாதார அமைச்சகம் 1929-இலும் வகுத்தவற்றின் சாயல் பல இடங்களில் இன்னும் தொடர்கிறது: முதலில் மாதம் ஒரு முறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கடைசி மாதத்தில் வாரந்தோறும். பி.பி. ஏறுகிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்று கண்டுபிடிக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு முறையும் மருத்துவரோ செவிலியரோ அவளோடு செலவிடுவது பத்து, பதினைந்து நிமிடம். பத்து மாதத்தையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு, மூன்று மணி நேரம் தேறும். வரவேற்பறையில் காத்திருந்தது அதைவிட அதிகமாக இருக்கும். பதினாறு வயதுப் பெண்ணின் பயம், அவளுடைய தாயின் கோபம், பள்ளியில் என்ன சொல்வது, காதலன் திரும்ப வருவானா, பிள்ளை வெளியே எப்படித்தான் வரும் என்னும் கேள்வி, இவையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் எங்கே அடங்கும்?

ஷேரன் ஷிண்ட்லர் ரைசிங் பயிற்சிபெற்ற செவிலிய மருத்துவச்சி. கனெக்டிகட் மாநிலத்தில் பணிபுரிந்தவர். ஒரே விஷயத்தை ஒரு நாளைக்கு எத்தனையோ பெண்களிடம் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வேலையிலிருந்து அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. ஏறக்குறைய ஒரே மாதத்தில் பிரசவம் எதிர்பார்க்கும் எட்டு முதல் பன்னிரண்டு பெண்களை ஒன்றாக உட்காரவைத்தால் என்ன? 1993-இல் அம்மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் அதைத் தொடங்கினார். 13 குழுக்கள், 111 பெண்கள். அவர்களில் 96 சதவீதம் பேர் இப்படிக் குழுவாகப் பார்த்துக்கொள்வதையே விரும்புகிறோம் என்றார்கள். 1998-இல் கட்டுரையாக வந்த அந்த முறைக்குச் ‘சென்டரிங் பிரெக்னன்சி’ என்று பெயர்.

அந்த அறையில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இதைச் சிலர் ‘கர்ப்பிணிகளுக்கான வகுப்பு’ என்று நினைத்துவிடுகிறார்கள். வகுப்புகள் எப்போதும் இருந்தவை. அவை பரிசோதனைக்கு மேற்பட்ட கூடுதல் வேலை, ஏழைப் பெண்ணுக்கு இன்னொரு பேருந்துக் கட்டணம். இங்கே பரிசோதனையே குழுவுக்குள் நடக்கிறது. நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். நடுவில் மேஜை கிடையாது. உள்ளே வரும் பெண் தன் எடையைத் தானே பார்க்கிறாள். பி.பி. பட்டையைத் தானே கையில் கட்டி, எண்ணைப் படித்து, தன் பதிவேட்டில் தானே எழுதுகிறாள். பிறகு ஒவ்வொருவராக அறையின் ஒரு மூலையில் விரித்திருக்கும் பாயில் போய்ப் படுக்கிறார்கள். மருத்துவச்சி வயிற்றை அளந்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு, தனியாகச் சொல்ல வேண்டியது இருந்தால் தாழ்ந்த குரலில் பேசுகிறார். மற்றவர்கள் பேச்சு காதில் விழாமலிருக்க மெல்லிய இசை ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் கொறிக்க ஏதாவது இருக்கும். இது முடிந்ததும் வட்டம் கூடுகிறது. மொத்தம் பத்து அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இரண்டு, மூன்று மணி நேரமாக இருந்த கவனிப்பு பதினைந்து, இருபது மணி நேரமாகிவிட்டது. அதற்காகக் கூடுதல் மருத்துவச்சி தேவைப்படவில்லை.

அந்த வட்டத்தை நடத்துபவர் பாடம் எடுக்கக் கூடாது. ஒருத்தி ‘எனக்குக் கால் வீங்குது, பயமா இருக்கு’ என்றால் உடனே பதில் சொல்லாமல், ‘வேற யாருக்கு வீங்குது?’ என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்க வேண்டும். இருபது ஆண்டுகள் பிரசவம் பார்த்த ஒருவருக்கு இது மிகக் கடினம். தெரிந்ததைச் சொல்லாமல் பொறுத்திருக்கக் கற்பதற்குத்தான் இந்த முறையில் மருத்துவச்சிகளுக்கும் மருத்துவர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். அவ்வளவு பொறுமை எதற்கு என்று கேட்கலாம். பதின்வயதுப் பெண்ணைப் பொறுத்தவரை விடை எளிது. கர்ப்பம் தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் அவளுக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவள் அவளைப் போலவே பதினேழு வயதுக்காரி; அவளும் காலையில் வாந்தி எடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனவள். அவள் வாயிலிருந்து வருவது வேறு மாதிரிக் காதில் விழுகிறது. குழுவில் வெட்கமாக இருக்கும், யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று அஞ்சத் தோன்றும். தனியறையில் மேஜைக்கு அப்பால் வெள்ளைக் கோட்டு அணிந்தவர் முன்னால் வாய் திறப்பது அவளுக்கு அதைவிடக் கடினம்.

இந்த முறை பதின்வயதினரிடம் வேலை செய்கிறதா என்று முதலில் கவனமாகப் பார்த்தது செயின்ட் லூயி நகரில். அங்குள்ள பார்ன்ஸ் ஜூயிஷ் மருத்துவமனையின் பதின்வயதுக் கர்ப்பிணிகள் மையத்தில் 124 பெண்களைக் குழுக்களாகப் பார்த்தார்கள். 2004-இல் வந்த அறிக்கையில் அவர்களிடையே குறைமாதப் பிரசவம் 10.5 சதவீதம், அதே மையத்தில் அதற்கு முன் தனித்தனியாகப் பார்த்த பதின்வயதினரிடையே அது 20 சதவீதத்துக்கு மேல். பிரமிக்கவைக்கும் வேறுபாடு. ஆனால் குழுவில் சேர்ந்தவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள். விரும்பிச் சேருகிறவள் மற்ற விதங்களிலும் தன்னைக் கவனித்துக்கொள்கிறவளாக இருக்கலாம். சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அதைச் செய்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஜீனெட் இக்கோவிக்ஸ். நியூ ஹேவன், அட்லாண்டா நகரங்களில் 14 முதல் 25 வயது வரை உள்ள 1,047 பெண்கள். அவர்களில் 80 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். யார் குழுவுக்கு, யார் வழக்கமான தனிப் பரிசோதனைக்கு என்பதைச் சீட்டுதான் தீர்மானித்தது. 2007-இல் முடிவு வந்தது. குறைமாதப் பிரசவம் தனி முறையில் 13.8 சதவீதம், குழுவில் 9.8. தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கியவர்கள் 54.6 சதவீதத்திலிருந்து 66.5 ஆனார்கள். குழுப் பெண்களுக்குக் கர்ப்பத்தைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருந்தது. பிரசவத்துக்குத் தயார் என்று உணர்ந்தார்கள். செலவில் வேறுபாடு இல்லை. மகப்பேறு மருத்துவத்தில் குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கக் கையில் இருக்கும் வழிகள் மிகச் சில. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு இது குறைந்தது என்றால் ஆர்வம் கிளம்பாமல் இருக்குமா?

அடுத்த சோதனை பெரும்பாலும் பதின்வயதினரை முன்வைத்தது. நியூயார்க் நகரின் 14 சுகாதார மையங்கள், 14 முதல் 21 வயது வரை 1,148 பெண்கள். இந்த முறை பெண்களைப் பிரிக்காமல் மையங்களையே சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். 2016-இல் வெளிவந்த முடிவில் குறைமாதப் பிரசவத்தில் வேறுபாடு தெளிவாக இல்லை. தெரிந்தது வேறொன்று. மாதக் கணக்குக்கு ஏற்ற எடையில்லாமல் பிறந்த குழந்தைகள் தனி முறையில் 15.8 சதவீதம், குழு முறையில் 11. கேம்டனில் முழங்காலை அளந்தவர்கள் கண்ட 155 கிராம் எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் தாயின் பிள்ளைக்குக் குறைவது வயிற்றில் இருக்கும் நாள்கள் மட்டுமல்ல, ஊட்டமும்கூட. குழு அந்தப் பெண்ணின் எலும்பு வளர்வதை நிறுத்தியிருக்காது. அவள் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு புகைத்தாள், எவ்வளவு பயந்தாள், எவ்வளவு தூங்கினாள் என்பவற்றில் எதையோ அது தொட்டிருக்க வேண்டும். இரண்டு ஆய்வுகளையும் இணைத்துப் பார்ப்பது என் ஊகம். அதை ஊகம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பின்னால் வந்தவை உற்சாகத்தைத் தணித்தன. தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் 2,300-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. எல்லா வயதுப் பெண்களும் அதில் இருந்தார்கள். குறைமாதப் பிரசவத்திலோ எடை குறைந்த குழந்தைகளிலோ இரு முறைகளுக்கும் இடையே பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. ருவாண்டாவில் 36 சுகாதார மையங்களில் நடந்த சோதனையிலும் கர்ப்ப காலத்தின் நீளம் கூடவில்லை. குழு முறை குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் மருந்து என்று 2007-க்குப் பின் எழுந்த பேச்சு அளவு மீறியது என்றே நான் கருதுகிறேன். அதைச் சொல்வதால் இந்த முறைக்கு இழுக்கில்லை. தீங்கு எதுவும் தென்படவில்லை, பெண்கள் விரும்புகிறார்கள், தெரிந்துகொள்கிறார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2018-இல் இதை ஏற்கத்தக்க மாற்று என்றது. உலக சுகாதார நிறுவனம் 2016-இலேயே, கறாரான ஆய்வோடு சேர்த்து இதை வழங்கலாம் என்றிருந்தது.

நியூயார்க், கிரீன்வில் ஆய்வுகள் இரண்டிலும் ஒரே செய்தி ஒளிந்திருக்கிறது. குழுவில் பெயர் இருந்தவர்கள் எல்லோரும் குழுவுக்கு வரவில்லை. வந்தவர்களும் பாதியில் நின்றார்கள். அடிக்கடி வந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. நியூயார்க்கில் அதிக அமர்வுகளுக்கு வந்த பெண்களின் குழந்தைகள் வயிற்றில் கூடுதல் நாள் தங்கின, தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்த நாள் கிடந்தன, அந்தத் தாய்மார் உடனே மறுபடி கருவுறுவதும் குறைந்தது. இங்கே பழைய சிக்கல் மறுபடி தலைகாட்டுகிறது: வந்ததால் நலமா, நலமாக இருந்ததால் வந்தார்களா? எண்களை வைத்து இதை முழுக்கப் பிரித்துவிட முடியாது. ஆனால் நடைமுறைக்கு ஒன்று தெளிவு. சிறுமி வராமல் போனால் எவ்வளவு நல்ல வட்டமும் வெறும் நாற்காலிகள்தான்.

அவள் ஏன் வருவதில்லை? இரண்டு மணி நேர அமர்வு பள்ளி நேரத்தில் விழுகிறது. உணவகத்தில் வேலை பார்ப்பவளுக்கு அன்றைய கூலி போகிறது. இரண்டு பேருந்து மாற வேண்டும். குடியிருக்கும் வீடு மாறிக்கொண்டே இருக்கிறது. இப்போது அத்தை வீடு, அடுத்த மாதம் யாருடையதோ. முதல் அமர்வைத் தவறவிட்டவள் இரண்டாம் அமர்வுக்கு வரக் கூச்சப்படுகிறாள். எல்லோரும் அதற்குள் பழகிவிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறாள். பதினேழு வயதில் அந்தக் கூச்சம் எவ்வளவு பெரியது என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். ஆகவே இந்த முறையை நடத்துபவர்கள் பேருந்துச் சீட்டும் சாப்பாடும் தருவதை வெறும் தாராள மனமாக நினைக்கக் கூடாது. வராதவளை அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு ‘உன்னைக் கேட்டார்கள்’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். சிகிச்சையில் மருந்தின் அளவு என்று ஒன்று உண்டல்லவா, இங்கே அந்த அளவைத் தீர்மானிப்பது இந்த ஆள்.

பலன் எப்படி வருகிறது என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. 2007 சோதனையில் பங்கேற்றவர்களை இக்கோவிக்ஸ் குழுவினர் பின்னர் மனநிலையின் பக்கமிருந்து பார்த்தார்கள். 2011-இல் வந்த அந்தக் கட்டுரையில் எல்லாப் பெண்களுக்கும் சமமான மாற்றம் இல்லை. மன அழுத்தம் மிக அதிகமாக இருந்த மூன்றில் ஒரு பங்கினரிடம்தான் மாற்றம் திரண்டிருந்தது. அவர்களுடைய தன்மதிப்பு உயர்ந்தது, நெருங்கியவர்களோடு மோதல் குறைந்தது, பிள்ளை பிறந்து ஓராண்டுக்குப் பிறகும் மனச்சோர்வு குறைவாக இருந்தது. யாருக்கு வீட்டில் சாய்ந்துகொள்ளத் தோள் இல்லையோ அவளுக்கு இந்த வட்டம் உதவியது. குழு முறையை எல்லோருக்கும் பொதுவாக அளந்த சோதனைகளில் பலன் கரைந்து போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். எனக்கு இந்தக் கட்டுரைதான் மற்றவற்றைவிட முக்கியமாகப் படுகிறது.

அபாயமும் இருக்கிறது. வட்டத்தில் சொன்னது வெளியே போகக் கூடாது என்று எல்லோரும் கையெழுத்திடுகிறார்கள். ஆனால் ஒரே பள்ளிப் பிள்ளைகள் இருவர் ஒரே குழுவில் இருந்தால் கையெழுத்து எவ்வளவு தாங்கும்? அடிபடும் பெண் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லமாட்டாள். காதலனையோ தாயையோ உடன் அழைத்து வரலாம் என்று சில குழுக்கள் அனுமதிக்கின்றன. அவளை அடிப்பவன் பக்கத்து நாற்காலியிலேயே இருந்துவிடலாம். பாயில் படுத்திருக்கும் அந்தச் சில நிமிடத் தனிமையை யாரும் சுருக்கக் கூடாது.

இந்தியாவுக்கு வட்டமாக உட்கார்வது புதிதில்லை. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பழங்குடிக் கிராமங்களில் ‘ஏக்ஜுட்’ அமைப்பு 2005 முதல் பெண்கள் குழுக்களை மாதந்தோறும் கூட்டியது. படங்களையும் விளையாட்டுகளையும் கதைகளையும் வைத்து, பிள்ளைகள் ஏன் இறக்கின்றன என்று பெண்களே பேசி, என்ன செய்வதென்று அவர்களே முடிவு செய்தார்கள். 36 பகுதிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து நடத்திய அந்தச் சோதனையில், மூன்றாண்டுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 32 சதவீதம் குறைவாக இருந்ததை 2010-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. அங்கே பரிசோதனை குழுவுக்குள் நடக்கவில்லை. ஆனால் பேசுவதால் உயிர் பிழைக்கும் என்பதற்கு அது வலுவான சாட்சி. தமிழகத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலோ செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிகள் நீள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே ஊர், ஒரே மாதம், ஒரே பயம். பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போகிறார்கள்.

அந்தப் பெஞ்சில் பதினாறு வயதுப் பெண்ணும் இருக்கிறாள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதம் பேர் தாயாகிவிட்டவர்கள் அல்லது கர்ப்பமாக இருப்பவர்கள். அவளைக் குழுவில் உட்காரவைப்பதற்கு முன்னால் ஒரு சட்டம் நிற்கிறது. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவளின் கர்ப்பம் குற்றத்தின் தடயம்; தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மனைவி என்றாலும் விலக்கில்லை என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தைத் திருமணத்தையும் வன்கொடுமையையும் தடுக்க அந்தத் தீர்ப்பு தேவைப்பட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தால் கணவனோ காதலனோ சிறைக்குப் போவான் என்று தெரிந்த வீடு, அவளை ஆறாம் மாதம்வரை வெளியே அனுப்பாது. அனுப்பினாலும் வயதைக் கூட்டிச் சொல்லி அனுப்பும். பத்தொன்பது என்று எழுதிய அட்டையோடு வருகிறவளுக்கு, பத்தொன்பது வயதுக்காரிக்கு உரிய கவனிப்புதான் கிடைக்கும். அவளுடைய எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றாது. கிராமச் செவிலியருக்கு அவளுடைய உண்மையான வயது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். பள்ளியில் எந்த வகுப்போடு நின்றாள் என்பதும் தெரியும். செவ்வாய்க்கிழமை பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மற்ற பெண்களோடு சேர்த்து அவளையும் பேசவைக்க அந்தச் செவிலியருக்கு இப்போது நேரமில்லை. அப்படிச் செய்யலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை.